ரிக்கார்டு ரூமில் தொடங்கி முன்சீப் நாற்காலி வரை! திருச்சி கோர்ட்டு குமாஸ்தாவின் கதை

திருச்சி, –

கோர்ட்டு என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்கள்? மேலே உட்கார்ந்திருக்கிற ஜட்ஜு. கறுப்புக் கோட்டு வக்கீல். கூண்டில் நிற்கிற ஆசாமி. சினிமாக்காரர்களும் இந்த மூன்று பேரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

நாலாவதாக ஓர் ஆள் உண்டு. அவரை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆனால் அவர் கை ஓடாவிட்டால் கோர்ட்டே ஓடாது. கட்டை எடுத்து வைக்க வேண்டியவர் அவர். சம்மன் அனுப்ப வேண்டியவர் அவர். தீர்ப்பு வந்த பிறகு நகல் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். கோர்ட்டு ஆபீஸ் குமாஸ்தா!

அப்படி ஒரு குமாஸ்தா சுமார் 175 ஆண்டுகளுக்கு முன்னால் திருச்சி கோர்ட்டில் இருந்தார். ரிக்கார்டு கீப்பராக வேலைக்குச் சேர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் ஆனார். பிறகு முன்சீப் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

அவர்தான் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

"பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதியவர், முதல் தமிழ் நாவலாசிரியர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். அவர் நம்ம ஊர் கோர்ட்டில் பழைய காகிதங்களோடு மல்லுக்கட்டியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குளத்தூர்க்காரர்

வேதநாயகம் பிள்ளை 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி திருச்சிக்குப் பக்கத்திலுள்ள குளத்தூரில் பிறந்தார். தகப்பனார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

வாலிபப் பருவத்தில் அவருக்கு ஒரு நல்ல குரு கிடைத்தார். பெயர் தியாகராச பிள்ளை. திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். தமிழும் இங்கிலீசும் அவரிடம்தான் படித்தார் வேதநாயகம்.

திருச்சியில் அப்போது கோர்ட்டு வேலைக்கு மவுசு இருந்தது. கம்பெனி ஆட்சிக்காரர்கள் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென் பகுதிக்கான மாகாணக் கோர்ட்டைத் திருச்சியில்தான் வைத்தார்கள். சுற்று வட்டாரத்து வழக்குகள் எல்லாம் இங்கே வந்து குவிந்தன.

ஜட்ஜுகள் வெள்ளைக்காரர்கள். வழக்காடுகிறவர்கள் தமிழர்கள். இவர் பேசுவது அவருக்குப் புரியாது. அவர் எழுதுவது இவருக்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் புரிய வைக்கிற ஆள் தேவைப்பட்டது.

வேதநாயகத்துக்கு முதலில் கிடைத்தது ரிக்கார்டு கீப்பர் வேலை. ஆவணக் காப்பாளர் என்று இன்று மரியாதையாகச் சொல்கிறோம்.

"கட்டு வரலை, வாய்தா!"

ரிக்கார்டு ரூம் என்றால் சாதாரணமா? கோர்ட்டுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"அய்யா, எங்க கட்டு வந்துருச்சுங்களா?"

"பெரியவரே, ரிக்கார்டு ரூம்லேர்ந்து இன்னும் வரலை. அடுத்த வாய்தாவுக்கு வாங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சு எத்தனை குடும்பத்தின் பஸ் காசைத் தின்றிருக்கிறது! அன்றைய கூலியும் போச்சு. வக்கீலுக்கு வைத்திருந்த பீசும் கரைஞ்சு போச்சு. ஜட்ஜு பேரிலும் தப்பு இல்லை, வக்கீல் பேரிலும் தப்பு இல்லை. ஒரு காகிதக் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பிராது, பதில், பத்திரம், சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு, டிக்ரி... ஒரு வழக்கில் எத்தனை தாள் சேருகிறதோ அத்தனையும் நம்பர் போட்டு, வரிசைப்படுத்தி, கயிறு கட்டி வைக்க வேண்டும். 10 வருஷம் கழித்து அப்பீல் என்று யாராவது வந்து நின்றால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். கரையான் அரிக்கக் கூடாது. மழைத் தண்ணீர் படக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், நடுவிலிருந்து ஒரு தாள் காணாமல் போகக் கூடாது.

ஒரு தாளில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். அங்கே அடிமனைத் தகராறு தெரியாத கடைக்காரர் கிடையாது. மனை கோவிலுக்கா, குடியிருப்போருக்கா என்று பல காலமாக வழக்கும் வாதமும் நடந்திருக்கிறது. இந்த மாதிரி விவகாரங்களில் வாய்ப்பேச்சு எடுபடாது. தாத்தா காலத்துப் பத்திரமும் பழைய டிக்ரி நகலும்தான் பேசும். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த குமாஸ்தா யாரோ, அவர் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது.

தத்துபித்து மொழிபெயர்ப்பு கூடாது

ரிக்கார்டு கீப்பராக இருந்த வேதநாயகம் பிறகு அதே திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் ஆனார். குரு பார்த்த வேலை இப்போது சிஷ்யன் கைக்கு வந்தது.

இது கத்தி மேல் நடக்கிற வேலை. சாட்சி சொல்கிறவர் கிராமத்துக்காரர். "அவன் அடிச்சான்னு கேள்விப்பட்டேன்" என்பார். மொழிபெயர்ப்பாளர் அசந்து போய் "அவன் அடித்தான்" என்று எழுதிவிட்டால்? கேள்விப்பட்டவர் கண்ணால் பார்த்த சாட்சி ஆகிவிடுவார்! ஒருவன் ஜெயிலுக்குப் போவான்.

பத்திரத்தில் "அனுபவிக்கலாம்" என்று இருக்கும். "விற்கலாம்" என்று இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வீடு. இந்த நுணுக்கம் இரண்டு மொழியும் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். இரண்டு மொழி மட்டும் தெரிந்தால் பத்தாது, ஜனங்களையும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ரிக்கார்டு ரூமிலும் மொழிபெயர்ப்பு மேஜையிலும் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு ஒரு கோர்ட்டு எப்படி நடக்கிறது, எங்கே தடங்கல் வருகிறது, ஏழை எந்த இடத்தில் ஏமாறுகிறான் என்பதெல்லாம் அத்துப்படி ஆனது.

31 வயதில் முன்சீப்!

1857-ல் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடி முன்சீப் ஆனார். வயது 31. அதன் பிறகு சீர்காழி. பிறகு மாயூரம். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார். அதனால்தான் குளத்தூர்க்காரர் "மாயூரம்" வேதநாயகம் பிள்ளை ஆகிவிட்டார்.

தரங்கம்பாடிக்கு ஒரு விசேஷம் உண்டு. 1845 வரை அது டென்மார்க்காரர்கள் கையில் இருந்த ஊர். பிறகுதான் இங்கிலீஷ்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். அங்கே வேதநாயகம் பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னால், 1856-ல் முன்சீப்பாக இருந்தவர் யார் தெரியுமா? தி.முத்துசாமி அய்யர்!

அவர் கதையும் சளைத்தது அல்ல. கிராமக் கணக்கருக்கு ஒத்தாசையாக மாதம் 1 ரூபாய் சம்பளத்தில் எழுத்து வேலை பார்த்த ஏழைப் பையன். 1878-ல் சென்னை ஐகோர்ட்டில் ஜட்ஜு ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். இன்றும் ஐகோர்ட்டு கட்டிடத்துக்குள் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, காவிரிக் கரையில் பேனா பிடித்த இரண்டு எழுத்தர்கள் அடுத்தடுத்து ஒரே ஊரில் முன்சீப். குமாஸ்தா வேலை என்று இளக்காரமாக நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தீர்ப்புகள் தமிழுக்கு வந்தன

முன்சீப் ஆனதும் பழசை மறந்து விடுகிறவர்கள் உண்டு. வேதநாயகம் பிள்ளை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் மேல் கோர்ட்டுக்கு சதர் அதாலத் என்று பெயர். அதன் தீர்ப்புகள் இங்கிலீசில் இருந்தன. கீழ் கோர்ட்டில் வழக்காடுகிற தமிழனுக்கு அவை எட்டாக் கனி. எந்தச் சட்டத்தால் தன் நிலம் போனது என்பதே தெரியாமல் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் புத்தகமாகப் போட்டார் வேதநாயகம் பிள்ளை. புத்தகத்தின் பெயர் "சித்தாந்த சங்கிரகம்". தீர்ப்புகளைத் தமிழில் கொண்டு வந்த முதல் ஆள் இவர்தான். அடுத்த ஆண்டே, அதாவது 1862-ல், சதர் அதாலத்தும் சுப்ரீம் கோர்ட்டும் சேர்ந்து சென்னை ஐகோர்ட்டு உருவானது. ஒரு காலம் முடிகிற நேரத்தில் அந்தக் காலத்து நியாயத்தை எல்லாம் மூட்டை கட்டித் தமிழன் கையில் கொடுத்துவிட்டார். ரிக்கார்டு கீப்பர் புத்தி!

நாவலிலும் அவர் கோர்ட்டை விடவில்லை. 1879-ல் வெளிவந்த "பிரதாப முதலியார் சரித்திரம்" கதைக்கு நடுவில், தமிழ்நாட்டு கோர்ட்டில் கட்சிக்காரருக்கும் புரியாத இங்கிலீசில் வாதாடுகிற வக்கீல்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார். எழுதியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர். காது வலித்துத்தான் எழுதியிருக்கிறார்!

கைக்கூலிக்குச் சவுக்கடி

கோர்ட்டு ஆபீஸ் என்றால் ஜனங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. "மேஜைக்குக் கீழே" விவகாரம்தான்.

இந்த நோய் இன்று நேற்று வந்தது அல்ல. வேதநாயகம் பிள்ளை 1859-ல் வெளியிட்ட "நீதி நூல்" புத்தகத்தில் கைக்கூலிக்கு என்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார். கைக்கூலி என்றால் லஞ்சம். பதவியில் இருக்கிற ஒரு முன்சீப், பதவியில் இருக்கும்போதே, தன் துறையில் புழங்குகிற லஞ்சத்தைப் பாட்டிலேயே கிழித்திருக்கிறார். இதற்குத் தைரியம் வேண்டும்.

1872-ல் அவர் முன்சீப் வேலையை விட்டார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. மாயூரத்தில் நகரசபைத் தலைவராக இருந்தார். 1876–78 பெரும் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி திறந்து பசித்தவர்களுக்கு ஊற்றினார். பெண்கள் படிக்க வேண்டும் என்று பாடினார், எழுதினார். திருச்சிப் பக்கத்திலிருந்து போன மற்றொரு பெரிய மனிதரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர் சிநேகிதர். இவரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் "குளத்தூர்க் கோவை" பாடியிருக்கிறார். 1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி வேதநாயகம் பிள்ளை காலமானார்.

கயிற்று நுனி யார் கையில்?

கோர்ட்டு ஆபீசில் புழங்குகிற பெயர்களை ஒரு நிமிஷம் கவனியுங்கள். முக்கால்வாசி பாரசீகம், அரபு மொழிகளிலிருந்து வந்தவை.

முன்சீப் என்றால் நியாயம் செய்பவர். அமீனா என்கிறோமே, அந்த "அமீன்" சொல்லுக்கு நம்பிக்கைக்கு உரியவர் என்று அர்த்தம். ஜப்திக்கு வந்து நிற்கும்போது யாருக்கு அது ஞாபகம் வரும்!

சிரஸ்தார் இன்னும் வேடிக்கை. "கயிற்றின் நுனி" என்ற அர்த்தமுள்ள சொல்லிலிருந்து வந்தது. பதிவேடுகளைக் கட்டிய கயிற்றின் நுனி அவர் கையில் இருக்கும். அவர் அவிழ்த்தால்தான் கட்டு அவிழும். மாவட்ட கோர்ட்டு ஆபீசுக்கு இன்றும் அவர்தான் தலைமை நிர்வாகி.

இன்று ஏணி எப்படி?

திருச்சி கண்டோன்மென்ட் கோர்ட்டு வளாகத்துக்குள் ஒரு நாள் காலை 10 மணிக்குப் போய் நின்றால் தெரியும். ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ம் நம்பர் பஸ் ஏறி வந்தவர்கள், லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று மரத்தடி எல்லாம் ஜனம்.

உள்ளே ஆபீசில் இளநிலை உதவியாளராக ஒருவர் சேருகிறார். பிறகு உதவியாளர். பெஞ்சு கிளார்க்காக ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து கட்டுகளை எடுத்துக் கொடுக்கிறார். தலைமை எழுத்தர் ஆகிறார். தலைமயிர் நரைக்கிற வயதில் சிரஸ்தார். சம்மன் கொண்டு போகிறவர்கள், அமீனாக்கள் எல்லாம் நாசர் பிரிவில். நகல் எழுத, எழுதியதைச் சரிபார்க்கத் தனி ஆட்கள்.

வேதநாயகம் பிள்ளை போல ஆபீஸ் அறையிலிருந்து நேரே முன்சீப் நாற்காலிக்குப் போக இப்போது வழி குறுகல். சட்டப் பட்டம் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிற சிவில் நீதிபதி தேர்வில் ஜெயிக்க வேண்டும்.

அப்பீலுக்குப் போகிறவர்கள் பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்பு திருச்சி வழக்கு என்றால் சென்னைக்கு ரெயில் ஏற வேண்டும். 2004-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி ஐகோர்ட்டு மதுரைக் கிளை திறக்கப்பட்டது. இப்போது திருச்சி மாவட்டத்து அப்பீல்கள் மதுரைக்குப் போகின்றன. அங்கிருந்து கேட்டு வந்தால் கீழ் கோர்ட்டு கட்டையும் அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்த்து அனுப்புகிறவர்? அதே குமாஸ்தா!

எம்.பி.ஏ. படித்த கோர்ட்டு மேனேஜர்

நாடு முழுவதும் கீழ் கோர்ட்டுகளில் 4 கோடிக்கும் அதிகமான வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. ஜட்ஜுகளைக் கூட்டினால் மட்டும் போதுமா? ஆபீசை யார் நடத்துவது என்ற கேள்வி எழுந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மாநில கோர்ட்டுகளை நிர்வாகம் செய்யத் தனி அதிகாரி. நியூஜெர்சி மாநிலத்தில் 1947-ல் வந்த அரசியல் சட்டத்திலேயே இந்தப் பதவிக்கு இடம் கொடுத்தார்கள். 1971-ல் எல்லா மாநில கோர்ட்டுகளுக்கும் ஆலோசனை சொல்ல ஒரு தேசிய மையமும் ஏற்பட்டது. ஜட்ஜு தீர்ப்பைப் பார்க்கட்டும். பட்ஜெட், ஆள், கட்டிடம், கம்ப்யூட்டர் எல்லாம் நிர்வாகி பார்க்கட்டும் என்பது அவர்கள் கணக்கு.

நம் நாட்டில் 13-வது நிதிக் கமிஷன் 2010–15 காலத்துக்கு நீதித்துறையைச் சீர்படுத்த ரூ.5,000 கோடி ஒதுக்கச் சொன்னது. அதில் ரூ.300 கோடி கோர்ட்டு மேனேஜர்களுக்கு! எம்.பி.ஏ. படித்தவர்களை வைத்து ஜட்ஜுகளின் நிர்வாகச் சுமையைக் குறைப்பது திட்டம்.

நல்ல திட்டம்தான். ஆனால் பல மாநிலங்களில் வேலை நிரந்தரம் இல்லை. பணம் நின்றதும் சில இடங்களில் பதவியே ஆட்டம் கண்டது. இந்தப் பதவி தேவை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அப்படியும் இழுத்துக்கொண்டே போனது. 2025-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி கண்டிப்பாக உத்தரவு போட்டது. ஐகோர்ட்டுகள் விதிகளை வகுக்க வேண்டும். கெஜட்டட் அந்தஸ்து கொடுக்க வேண்டும். ஏற்கனவே இருப்பவர்களைத் தகுதி பார்த்து நிரந்தரம் செய்ய வேண்டும் என்றது.

பதவி புதிது. வேலை பழசு. கயிற்று நுனியை ஒழுங்காகப் பிடிக்கிற வேலைதான்!

மொழிச் சுவர் இடிந்ததா?

வேதநாயகம் பிள்ளை எழுப்பிய கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. தமிழ்நாட்டில் கீழ் கோர்ட்டுகளில் தமிழ் நடமாடுகிறது. ஐகோர்ட்டு படி ஏறினால் இங்கிலீஷ். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு அப்படி. ராஜஸ்தான், உத்தரபிரதேசம், மத்தியபிரதேசம், பீகார் ஐகோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்குக் கேட்டு 2006-ல் சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். கிடைக்கவில்லை.

இதற்கிடையே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு "சுவாஸ்" என்ற மொழிபெயர்ப்பு இயந்திரத்தைக் கொண்டு வந்தது. தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. இ-கோர்ட்டுத் திட்டத்தின் 3-ம் கட்டத்துக்கு 2023-ல் ரூ.7,210 கோடி அனுமதித்தார்கள். பழைய கட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அதில் ஒரு வேலை.

மெஷின் வேகமாக மொழிபெயர்க்கும். "கேள்விப்பட்டேன்" என்பதை "பார்த்தேன்" என்று போட்டுவிட்டால்? சரிபார்க்க ஒரு மனிதர் வேண்டும். இரண்டு மொழியும் ஜனங்களும் தெரிந்த மனிதர்!

தெரிந்து கொள்ளுங்கள்

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் உண்டு. அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். போனிலேயே இ-கோர்ட்டு செயலியில் வாய்தா தேதி பார்க்கலாம். கட்டு வந்ததா என்று விசாரிக்க வருவதற்கு முன்னால் வழக்கு என்றைக்கு என்றாவது தெரிந்துவிடும்.

தீர்ப்பு வந்தால் சான்று நகலுக்கு உடனே மனுப் போடுங்கள். அப்பீலுக்குக் கெடு உண்டு. காலம் கடந்தால் அது தனித் தொல்லை.

வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் போன்றோருக்கு 1987-ம் ஆண்டு சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம்.

ஆபீசில் யாராவது கை நீட்டினால் கொடுக்காதீர்கள். ஒழுங்காக வேலை பார்க்கிற குமாஸ்தாவைப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள். இரண்டுக்கும் செலவு இல்லை!